வெல்தானியின் உட்புறம்

ஹரோ,
4 பெப்ரவரி 2007

அன்புள்ள அண்ணைக்கு,

என் பெயரைப் பார்த்தால் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடுவீர்களோ என்று உறையின் மேல் பெயர் எழுதவில்லை. வீட்டுக்கு அனுப்பாமல் ஸ்ட்ராட்ஃபோர்டில் நீங்கள் வேலை செய்யும் பட்டறைக்கு அனுப்புகிறேன். யோகமலர் மச்சாள் இதைப் பார்க்கக் கூடாது. பட்டறையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். தொலைபேசியில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். ஒபிஸ் மின்னஞ்சலில் எழுதக்கூடிய விஷயமும் இல்லை.

இரண்டு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறவள் சுகம் விசாரித்துத் தொடங்க வேண்டும். மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். நேரே சொல்லிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஏலக் கொம்பனிக்கு ஒரு கார் வந்தது. பழைய வாகனம் ஒன்று ஏலத்துக்கு வந்தால் அது எங்கே செய்யப்பட்டது, யார் ஓட்டினார்கள், எத்தனை கை மாறியது என்று தேடி ஏலப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. வந்தது வெல்தானி என்ற பந்தயக் கார். 1966இல் இத்தாலியில் மொடெனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை, பந்தயத்துக்கென்று மூன்றே மூன்று மாதிரி வண்டிகள் செய்தது. ஒன்று எரிந்துபோனது. இன்னொன்று இத்தாலியில் ஒரு குடும்பத்திடம் இருக்கிறது, அவர்கள் விற்கமாட்டார்கள். மூன்றாவது, இலக்கம் 003, அடுத்த வருடம் சிசிலி மலைப்பாதையில் கவிழ்ந்தது. ஓட்டியவர் இறந்தார். உடைந்த வண்டி யாரிடம் போனதென்று நாற்பது வருடமாக யாருக்கும் தெரியாது. அந்த மூன்றாவதுதான் இது என்கிறார்கள். கொண்டுவந்து ஒப்படைத்தவர் உங்கள் முதலாளி ஹாலம்.

அழகான வண்டி. என் இடுப்பளவு உயரம்கூட இல்லை. ஓடாமல் நிற்கும்போதும் எங்கேயோ போக அவசரப்படுவதுபோல் இருக்கிறது. அந்தக் காலத்துப் பந்தய விதிப்படி இந்த வகைக் காரில் ஒரு பயணப்பெட்டி வைக்க இடம் இருக்க வேண்டுமாம். எஞ்சினுக்குப் பின்னால் அதற்காக ஒரு தகரப் பெட்டி. மணிக்கு நூற்றறுபது மைல் ஓடுகிற வண்டியில் யார் உடுப்பு அடுக்கிக்கொண்டு போவார்கள் என்று சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அதைக் கழற்றித் திருப்பி, டோர்ச் அடித்துப் பார்த்தேன்.

அடிப்பக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழி இருந்தது.

ஆணியால் கீறியது. கீழே இரண்டு கோடு. சுழியின் வால் வலப்பக்கம் நீண்டு, நுனியில் மேலே எழும்பியிருந்தது. அந்த வாலை எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது என் கொப்பிகளுக்கு உறை போட்டு முதல் பக்கத்தில் சுழி போட்டுத் தந்தது நீங்கள்.

என் மேலதிகாரி ஒலிவர் பக்கத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, குனிந்து பார்த்தார். இது அந்தக் காலத்து இத்தாலியத் தகர வேலைக்காரர் ஒருவரின் அடையாளம், இரண்டு என்ற எண்ணைத் தன் பாணியில் எழுதியிருக்கிறார், இதைவிட நல்ல சான்று வேண்டாம் என்றார். அதைப் படம் எடுத்து அரைப்பக்கத்துக்குப் போடச் சொல்லியிருக்கிறார். நான் பெட்டியைத் திருப்பி அதன் இடத்தில் மாட்டினேன்.

ஏலப் புத்தகம் மார்ச் 16ஆம் திகதி அச்சுக்குப் போகிறது. அண்ணை, இந்தக் காரில் நீங்கள் என்ன செய்தீர்கள்?

நீலவேணி


ஸ்ட்ராட்ஃபோர்ட்,
9.2.2007

வேணி,

உன் கடிதத்தை ஹாலம்தான் கொண்டுவந்து தந்தார். பொம்பிளைக் கையெழுத்து, மனிசிக்குத் தெரியுமோ என்று எல்லாருக்கும் முன்னால் பகிடி. நானும் சிரித்தேன். வாசித்த பிறகு சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறாய், அதுவும் ஒரு காருக்காக.

பழைய காருக்குப் புதுத் தகரம் போடுவது எல்லா இடமும் நடக்கிறது. அந்தப் பெட்டி உக்கிப் போயிருந்தது. புதிதாகச் செய்தேன். அவ்வளவுதான். சுழி போடாமல் எனக்கு ஒரு வேலையும் தொடங்க ஏலாது, அது உனக்கும் தெரியும். உன்னுடைய ஒலிவருக்கு அது இரண்டு என்று தெரிந்தால் இரண்டாகவே இருக்கட்டும். நீ ஏன் கிடந்து மாயுறாய்?

ஒக்டோபரில் நான் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அந்தத் தாளில் நன்னடத்தை என்று ஒரு பகுதி இருக்கிறது. எனக்குத் தண்டனை ஏதாவது கிடைத்ததா, என்மேல் ஏதாவது விசாரணை இருக்கிறதா, நாளை விசாரணை வரக்கூடியதாக ஏதாவது செய்தேனா என்று கேட்கிறார்கள். இல்லை, இல்லை, இல்லை என்று கோடு போட்டுக் கையெழுத்து வைத்தேன். பதினாலு வருடம் இந்த நாட்டில் இருந்தபிறகு ஒரு பாஸ்போட் வரப்போகிறது. குழந்தை துளசியையும் யோகமலரையும் கூட்டிக்கொண்டு கனடாவில் மாமாவைப் பார்க்கப் போகலாம். இவ்வளவு காலமும் எங்கேயும் போகாத ஆள் நான்.

இந்த முறையாவது வாயை மூடிக்கொண்டிரு.

தீபன்


ஹரோ,
18 பெப்ரவரி 2007

அண்ணைக்கு,

பெட்டி மட்டும் என்றால், பெட்டி புதிது என்று ஒரு வரி எழுதிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அதில் பிழை இல்லை. கதவு மாறலாம், காரின் முன்மூக்குத் தகடு மாறலாம். எங்கள் துறையில் ஒரு காரின் உயிர் அதன் குழாய்ச் சட்டகத்திலும் அதில் அடித்த இலக்கத்திலும் இருக்கிறது என்பார்கள். அது பழையதென்றால் கார் பழையது.

நான் மற்ற இடங்களையும் பார்த்தேன். இரண்டு கதவுகளின் உட்புறம். மூக்குத் தகடு. பெற்றோல் தாங்கியின் மூடி. டாஷ்போட்டின் பின்பக்கம். கடைசியாக, சட்டகத்தில் ஓட்டுநர் கால் வைக்கும் இடத்துக்குக் கீழே, பெயின்ற்றுக்கு அடியில் மங்கலாக. மொத்தம் ஏழு சுழி. ஏழிலும் அதே வால்.

இத்தாலியிலிருந்து ஒரு பழைய படமும் கிடைத்தது. 1966இல் பரீட்சார்த்த ஓட்டத்தில் 003 ஒரு மதிலில் மோதியிருக்கிறது. இடப்பக்கக் கீழ்க்குழாய் வளைந்து, வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். படத்தில் அந்த ஒட்டு ஒரு தழும்புபோலத் தெரிகிறது. எங்கள் வண்டியில் அந்தக் குழாய் வழவழவென்று இருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன், திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இந்தப் படத்தை ஒலிவருக்கு இன்னும் காட்டவில்லை. என் மேசை லாச்சியில் இருக்கிறது. ஒளித்து வைத்திருக்கிறேன் என்றே எழுத வேண்டும்.

வேறொன்றும் இருக்கிறது. இறந்த ஓட்டுநரின் மகள் எங்களுக்கு எழுதியிருக்கிறார். பெயர் ஆட்ரியானா. தகப்பன் சாகும்போது அவருக்கு ஐந்து வயது. வாங்குவதற்கு வசதியில்லையாம். விற்கப்படுவதற்கு முன் ஒருமுறை அந்தக் கதிரையில் கை வைத்துப் பார்க்க அனுமதி தருவீர்களா என்று கேட்டிருக்கிறார். மார்ச் 5ஆம் திகதி லண்டன் வருகிறார். அவரை வரவேற்று அழைத்துப் போகும் பொறுப்பு எனக்கு.

"இந்த முறையாவது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு சொல்லைக் காவிக்கொண்டு மெட்ரோபொலிற்றன் லைன் ரயிலில் போய்வருகிறேன். நேற்று என் நிலையத்தில் இறங்க மறந்து பின்னர் என்ற ஊர் வரை போய்விட்டேன். மடியில் புத்தகம் விரித்தபடியே இருந்தது, ஒரு பக்கம் திருப்பவில்லை. அங்கே இறங்கி எதிர்ப்பக்க மேடையில் நின்றபோதுதான் தெரிந்தது, திரும்பிப் போகவும் எனக்கு மனமில்லை.

உண்மையைச் சொல்லுங்கோ. முழுக் காரையும் நீங்களா செய்தீர்கள்?

நீலவேணி


ஸ்ட்ராட்ஃபோர்ட்,
27.2.2007

வேணி,

ஓம். நான்தான் செய்தேன்.

2003 கடைசியில் ஹாலம் ஒரு எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரு ஸ்டியரிங்கும் கொண்டுவந்தார். சிசிலியில் யாரோ ஒருவரின் கொட்டிலில் கிடந்தவை. மூன்றும் அசல். அதோடு ஒரு கட்டுப் படங்கள், அளவுகள். இதைச் சுற்றி ஒரு கார் செய், நகல் என்று சொல்லித்தான் விற்கப்போகிறேன், நகல் செய்வது குற்றமில்லை என்றார். நான் நம்பினேன். நம்ப விருப்பமாகவும் இருந்தது.

பதினாறு மாதம் வேலை. அதைப்பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. மண்மூட்டையில் வைத்து மரச்சுத்தியலால் தட்டித் தட்டி, பிறகு உருளையில் கொடுத்து அந்த முன் வளைவை எடுத்தேன். ஆறு தகடு பழுதாகிப் போனது. ஏழாவது வந்தது. கையை வைத்தால் எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று தெரியாது. என் வாழ்க்கையில் அதைவிட நல்லதாக நான் ஒன்றும் செய்ததில்லை. அதை யார் செய்தது என்று சொல்ல ஏலாமல் போகும் என்று அப்போது தெரியாது.

எல்லாம் முடிந்து, மேலே பெயின்ற் அடித்த பிறகு ஹாலம் பழைய எண் அச்சுகள் கொண்டுவந்தார். சட்டகத்தில் 003 அடி என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இதை அசல் என்று விற்கப்போகிறார் என்று அந்த நேரம் எனக்கு விளங்கிவிட்டது. மூன்று தரம் சுத்தியலை ஓங்கினேன். மூன்றும் சரியாக விழுந்தது.

ஏன் அடித்தாய் என்று கேட்பாய். 98இல் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லாத நேரம், ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே எடுத்த மனிதன் ஹாலம். மற்ற எல்லாக் கதவும் ஏன் பூட்டியிருந்தது என்று உனக்குத் தெரியும்.

93ஆம் ஆண்டு. அப்பா ஷிப்டுக்குப் போய்விட்டார் என்று, முன்னமே அவரோடு இங்கே வந்து ஆங்கிலம் பழகியிருந்த பதினாலு வயது உன்னை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு சட்டத்தரணியிடம் போனேன். வரமுதல் கொழும்பில் எவ்வளவு காலம் நின்றாய் என்று அவர் என்னைக் கேட்டார். வரும் வழியெல்லாம் உனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன், மூன்று கிழமை என்று சொல் என்று. நீ ஏழு மாதம் என்றாய். ஏழு மாதம் கொழும்பில் இருக்க ஏலுமென்றால் அங்கேயே இருந்திருக்கலாமே என்று எழுதி ஹோம் ஒபிசில் என் அகதி விண்ணப்பத்தை மறுத்தார்கள். ஒன்பது வருடம் வழக்குக்காக ஒவ்வொரு கோட்டாக ஏறி இறங்கினேன்.

அதற்கும் உன்னோடு கோபிக்கவில்லை. துளசி பிறந்த முப்பத்தோராம் நாள் அன்று சின்னம்மா சபையில் அதைப் பகிடியாகச் சொன்னபோது, "நான் உண்மையைத்தானே சொன்னன்" என்றாய். ஒருதரமாவது, அண்ணை, உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நீ கேட்டிருக்கலாம். பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனாய்.

இந்தக் காரை வாங்கப்போகிறவனுக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான். அவனுக்கு ஒரு குறையும் வராது. நீ ஒரு வரியை விட்டுவிட்டால் போதும். நான் உன்னிடம் வேறொன்றும் கேட்டதில்லை.

தீபன்


ஹரோ,
6 மார்ச் 2007

அண்ணைக்கு,

முதலில் 93. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் உண்மைக்காக ஏழு மாதம் என்று சொல்லவில்லை. மூன்று கிழமை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தச் சட்டத்தரணி அதற்கு முன் என்னைப் பார்த்து, இவ்வளவு நல்ல ஆங்கிலம், நீ கெட்டிக்காரப் பிள்ளை என்று சொல்லியிருந்தார். இந்த நாட்டில் ஒரு பெரிய மனிதர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அந்த முகம் மாறிவிடக் கூடாது என்று நினைத்தேன். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன். ஏழு மாதம் என்று சொன்னதும் அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்து ஒன்றும் விளங்காமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். வெளியே வந்து, சொன்னாயா என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். அந்த ஓம்தான் நான் சொன்ன பொய்.

அதை உண்மை என்று பெயர் வைத்து இவ்வளவு காலம் தூக்கித் திரிந்திருக்கிறேன். உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று நான் கேட்காததற்குக் காரணம், கேட்டால் இதைச் சொல்ல வேண்டி வரும்.

இப்போது ஆட்ரியானா. நேற்று வந்தார். கறுப்புக் கோட், சின்ன உருவம். மழையில் நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். வண்டியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பிறகு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, முழங்காலில் நின்று, கதிரையின் தோலில் முகத்தை வைத்தார். நீண்ட நேரம் எழும்பவில்லை. எழும்பியதும் என்னைப் பார்த்து, "அப்பாவின் மணம் இருக்கிறது" என்றார். அவருக்கு ஆங்கிலம் அதிகம் வராது. சரியான சொல்தானா என்று தெரியாமல் திரும்பவும் அதையே சொன்னார்.

நான் தலையை ஆட்டினேன். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று வெளியே போய் நடைபாதையில் நின்றேன்.

வாங்கப்போகிறவனுக்கு அது விளையாட்டுச் சாமான் என்பது சரி. இந்த மனுசிக்கு அது என்ன?

நான் தீர்மானித்ததைச் சொல்கிறேன். 15ஆம் திகதி வியாழக்கிழமை என் பக்கங்களை ஒலிவரிடம் கொடுக்க வேண்டும். அப்போது அந்தப் படத்தைக் காட்டுவேன். அந்தக் குறி இத்தாலியருடையது இல்லை, எங்கள் ஆட்கள் எதையும் தொடங்கும்போது போடுவது என்றும் சொல்வேன். யார் போட்டது என்று சொல்லமாட்டேன். ஹாலமின் பட்டறையில் தமிழர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல் நடிக்கவில்லை.

அதற்கு முன் நீங்களே வந்து சொன்னால் அது உங்கள் சொல்லாக இருக்கும். உங்களுக்காக நான் பேசுவது ஒருமுறை நடந்தது போதும்.

என்னை யாராவது மெச்ச வேண்டும் என்பதற்காக இதைச் செய்கிறேனா என்று இந்த ஒரு கிழமையாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இருந்தும் செய்வேன்.

நீலவேணி


ஸ்ட்ராட்ஃபோர்ட்,
10.3.2007

வேணி,

ஒன்பது நாள் தந்திருக்கிறாய். ஹோம் ஒபிஸ்கூட இதைவிடக் கூடத் தருவான். கடிதம் கைக்கு வர மூன்று நாள் போய்விட்டது.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அதைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. 93 பற்றி நீ எழுதினதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கோபமா என்றும் தெரியவில்லை. பதினாலு வயது உன்னை அந்தக் கதிரையில் இருத்தினது நான். அதையும் யோசித்துப் பார்த்தேன்.

ஒன்று கேட்கிறேன். அந்த மனுசி எந்தக் கதிரையில் முகத்தை வைத்தவர்? வலது பக்கமா? அந்தத் தோல் றொம்ஃபோர்ட் சந்தையில் வாங்கின ஒரு பழைய சோபாவில் இருந்து வெட்டினது. புதுத் தோல் என்றால் பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்று ஹாலம் சொன்னார். நான்தான் தைத்தேன்.

ஸ்டியரிங் அசல் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையா? அதை அவர் தொட்டவரா?

தீபன்


ஹரோ,
17 மார்ச் 2007

அண்ணைக்கு,

புதன்கிழமை நீங்கள் வேலை உடுப்போடு எங்கள் ஒபிஸ் வாசலில் நின்றபோது வரவேற்பில் இருந்த பெண் என்னை அழைத்து, பொருள் ஏற்ற வந்தவர் உங்களைக் கேட்கிறார் என்றாள். நான் கீழே வந்தபோது நீங்கள் என்னைப் பார்க்காமல் ஒலிவர் எங்கே என்று கேட்டீர்கள். உள்ளே அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, மொழிபெயர்ப்பாயா என்றார். "நோ நீட், ஐ வில் டோக்" என்றீர்கள். நான் சுவரோரக் கதிரையில் இருந்தேன். நாற்பது நிமிடம். இடையில் இரண்டு தரம் உங்களுக்குச் சொல் வரவில்லை. என் வாய்க்குள் அது தயாராக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஒலிவர் எழும்பிக் கதவைச் சாத்தினார். பிறகு எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். ஜனவரி கடைசியில் இருந்து என்றேன். அந்தப் படத்தை லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஆறு கிழமை இதை மனதில் வைத்துக்கொண்டு என் முன்னால் தேநீர் குடித்தாயா என்றார். ஓம் என்றேன். அடுத்த நாளே என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, விசாரிப்பதாகக் கடிதம் தந்துவிட்டார்கள். அதில் அநியாயம் இல்லை. காரை ஏலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கொம்பனியின் சட்டத்தரணி பொலிசுக்கு அறிவித்திருக்கிறார். நீங்களாகவே வந்து சொன்னீர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

ஆட்ரியானாவுக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். அவர் வைத்துவிட்டார். ஒரு மணித்தியாலத்தில் திரும்ப எடுத்து, எது உண்மை என்று கேட்டார். எஞ்சின், கியர்பெட்டி, ஸ்டியரிங் என்றேன். கதிரை என்று கேட்டார். இல்லை என்றேன். "என் தமையனிடம் அப்பாவின் மணம் இருக்கிறது என்று சொன்னேன், அவன் அழுதான், இனி அவனிடம் நான் என்ன சொல்வது" என்றார். ஸ்டியரிங்கைப் பற்றி நீங்கள் எழுதியதைச் சொல்லிப் பார்த்தேன். இனி அதிலும் கை வைக்கமாட்டேன் என்றார். அவர் உங்களை மன்னிக்கவில்லை, என்னையும் மன்னிக்கவில்லை. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் எழுத எனக்கு விருப்பமில்லை.

காரை மூடி வைப்பதற்கு முன் ஒலிவர் அந்த முன் வளைவில் கையை வைத்துத் தடவிக்கொண்டு நின்றார். இதைச் செய்தவன் ஏன் தன் பெயரைப் போட்டுச் செய்யவில்லை என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டாரா தெரியாது.

அண்ணை, ஒன்பது வருடம் உங்களுக்கு எப்படி இருந்தது? பதினாலு வருடம் பிந்திக் கேட்கிறேன். எப்போது வேண்டுமென்றாலும் சொல்லுங்கோ. சொல்லாவிட்டாலும் சரி.

நீலவேணி


பிளேஸ்டோ,
29.3.2007

வேணி,

ஹாலம் என்னை நிற்பாட்டிவிட்டார். நானும் பிறகு போகவில்லை. உன் கடைசிக் கடிதத்தைப் பட்டறைப் பெடியன் ஒருவன் எடுத்துக்கொண்டு வந்து தந்தான், இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். என்னுடைய சுத்தியல்கள் உள்ளே இருக்கின்றன, தர மாட்டாராம். 2012 ஒலிம்பிக்குக்காக அந்த இடத்தை எப்படியும் ஜூலையில் எடுக்கப்போகிறார்கள். நாசமாய்ப் போக என்று நினைத்தேன், பிறகு சுத்தியல்களை நினைத்தேன்.

பொலிஸ் கூப்பிட்டார்கள். இரண்டு தரம் போய்வந்தேன். 003 அடித்தது என் கை என்று சொல்லி எழுதிக் கொடுத்தேன். என்னைச் சாட்சியாக எடுப்பார்களா குற்றவாளியாக எடுப்பார்களா என்று இன்னும் தெரியாதாம். ஹோம் ஒபிசுக்கும் நானே எழுதினேன், அந்தத் தாளில் மூன்றாவது "இல்லை" பிழை என்று. விசாரணை முடியும்வரை முடிவு இல்லை என்று நேற்றுப் பதில் வந்தது. கனடாவில் மாமா இந்த வருடமும் என்னைக் காணமாட்டார்.

ஒன்பது வருடம் எப்படி இருந்தது என்று கேட்டாய். ஒவ்வொரு காலமையும் தபால் விழுகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன். விழுந்தால் பயம், விழாவிட்டாலும் பயம். மற்றதைக் கடிதத்தில் எழுத ஏலாது.

யோகமலருக்கு இதில் ஒன்றும் தெரியாது. காலமை ஏழு மணிக்கு அவள் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டித் தருகிறாள். வேலைக்குப் போகிறேன் என்று வெளிக்கிட்டு ஸ்ட்ராட்ஃபோர்ட் லைபிரரியில் போய் இருக்கிறேன். பேப்பர் வாசிக்கிறேன். பத்து நாளாக இதுதான். நேற்று அங்கே வேலை செய்யும் மனுசி, வேலை தேட உதவி வேண்டுமோ என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒலிவருக்குச் சொன்னேன், பொலிசுக்குச் சொன்னேன், என் மனிசிக்குச் சொல்ல வாய் வரவில்லை. பாஸ்போட் வரும் என்று அவள் துளசிக்குக் குளிர்ச் சட்டை வாங்கி வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வா. அவளுக்குச் சொல்லப்போகிறேன். நீ ஒன்றும் கதைக்க வேண்டாம், நான் தடுமாறினாலும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். அவள் உன்னைப் பேசுவாள், என்னையும் பேசுவாள், பேசட்டும். நீ பக்கத்தில் இரு.

துளசிக்கு உன்னைத் தெரியாது. புது ஆள்களைக் கண்டால் கத்தி அழுவாள். அழுதாலும் எழும்பிப் போயிடாதை.

அண்ணை